கதவுப் படம் உருவான கதை

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

நலமா என்று கேட்டுவிட்டு மெதுவாக விஷயத்துக்கு வர நேரமில்லை. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த விளக்கு மட்டும்தான் அப்பா அறைக்குத் தெரியாது.

நேற்று டி.வி.க்காரர்கள் வந்திருந்தார்கள். அப்பா இயக்கிய ‘கதவு’ படம் வந்து முப்பது வருடமாகிறதாம். அது உருவான கதையை எடுக்கிறார்கள். அந்தப் பழைய ஐஸ் ஃபேக்டரி குளிர் அறையிலேயே, நீங்கள் பூட்டப்பட்டுக் கத்தும் காட்சியை என்னை வைத்துத் திரும்ப எடுப்பார்களாம். அன்று தங்கை, இன்று மகள். இது அப்பாவின் யோசனை.

“பாப்பாகிட்ட முன்னாடியே எல்லாம் சொல்லிடுவீங்கல்ல சார்?” என்று தொகுப்பாளர் அக்கா கேட்டார்.

“பின்னே? என் தங்கச்சிக்கு ஒத்திகை பாக்காம எடுத்தேனா? நீங்களே போய்க் கேளுங்க. அவ சொன்னா நம்புவீங்கல்ல?”

அந்த அக்கா போனபிறகு அப்பா கேமராமேன் மாமாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னதை மாடிப்படியில் நின்று கேட்டேன். “ஒரு நிமிஷம்னு சொல்லி என் தங்கச்சிய உள்ள அனுப்பிட்டு, பதினோரு நிமிஷம் திறக்கலையே! அந்தக் கத்தல் எந்த நடிகைக்குய்யா வரும்? என் பொண்ணுக்கு லிஃப்ட்ல ஏறினாலே கைகால் உதறும். இன்னும் நல்லா வரும் பாரு.”

அத்தை, ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் வருவார்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் அந்த அக்கா என் காட்சியை எடுக்க விடமாட்டார். பதிலை என் தோழி ‘கண்ணாடி’யின் விலாசத்துக்கு அனுப்புங்கள். கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் வாயாடி


மார்ச் 10

என் வாயாடிக் கண்ணுக்கு,

உன் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் தூங்கவில்லை. சொல்லிவிடுவது என்றுதான் உட்கார்ந்தேன். நிஜமாகத்தான்.

அந்தப் பெண் என் புடவையில் மைக்கைக் குத்திவிட்டு, “அந்தக் கத்தலை எப்படிம்மா நடிச்சீங்க?” என்றாள். என் நடிப்புப் பள்ளியில் படிக்கும் எட்டுப் பிள்ளைகளும் பின்னால் வரிசையாக நின்றார்கள். வாசல் பலகையில் என் பெயருக்குக் கீழே அந்தக் காட்சிக்குக் கிடைத்த விருதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். வேறென்ன இருக்கிறது எழுத? நான் நடிக்கவில்லை, பயத்தில் கதறினேன் என்று சொன்னால், முப்பது வருடமாக நான் யார்?

“அண்ணன் எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டார்” என்று சொல்லிவிட்டேன். சிரித்தும் விட்டேன்.

உன் அப்பாவுக்கு உன்மேல் உயிர், கண்ணு. என்னிடம் செய்தது போல உன்னிடம் செய்யமாட்டார். வேளைக்குச் சாப்பிடு.

அத்தை


மார்ச் 13

அத்தைக்கு,

நீங்கள் பேசியதைச் சாப்பாட்டு மேசையில் அப்பா போட்டுக் காட்டினார். “பாத்தியாடி, என் தங்கச்சி தங்கம்!” என்று அம்மாவின் தோளைத் தட்டினார். அதுவரை அம்மா ஒருத்திதான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள் முகத்தைப் பார்த்ததும், “அவங்களே சொல்றாங்களே, அப்புறம் என்ன பயம்?” என்று பள்ளிக்கு விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நான் மாடிப்படியில் கேட்டதைச் சொன்னேன். “அப்பா தமாஷுக்குச் சொல்லியிருப்பார்” என்றாள்.

உங்கள்மேல் கோபமில்லை. விருது உங்களிடமே இருக்கட்டும். கேமரா முன்னால் எதுவும் சொல்ல வேண்டாம். தொகுப்பாளர் அக்காவுக்கு ஒரே ஒரு ஃபோன் போதும். எண் கீழே இருக்கிறது. என் ஃபோனை அப்பா வாங்கி வைத்துக்கொண்டார், இல்லாவிட்டால் நானே பேசியிருப்பேன். இருபத்திரண்டாம் தேதி காலை ஆறு மணிக்கு வண்டி வரும்.

வாயாடி


மார்ச் 17

கண்ணு,

இரண்டு முறை எண்ணை அழுத்தினேன். மணி அடித்ததும் வைத்துவிட்டேன். என்னைத் திட்டு.

எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். கத்தாதே. நான் கத்தினேன், அதனால்தான் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். சத்தமே இல்லாவிட்டால் அங்கே எடுக்க என்ன இருக்கிறது? உடனே திறந்துவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இரு. எண்பது, நூறுக்குள் முடிந்துவிடும்.

அத்தை


மார்ச் 23

அத்தைக்கு,

முடிந்துவிட்டது.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கைக்குட்டையைக் கடித்துக்கொண்டேன். இயந்திரம் ஓடாததால் குளிர் இல்லை. ஆனால் இருட்டு, துருவும் பழைய மீனும் கலந்த வாடை. கதவுக்கு உள்பக்கம் பிடியே கிடையாது என்று நீங்கள் சொல்லவில்லை. சுவரில் ஒரு துளை, அதில் கேமராவின் சிவப்புப் புள்ளி. நூறு வரை எண்ணினேன். ஐந்நூறு வரை எண்ணினேன். பிறகு எண்கள் மறந்துபோயின.

வெளியே வந்தபிறகு விளக்குக்கார அண்ணன் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காதோடு சொன்னார். “ஏம்மா, மொத நிமிஷத்துலயே கத்தியிருந்தா திறந்திருப்பாரே. கத்துற வரைக்கும் கதவுல கை வைக்கக்கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு.”

இருபத்தாறு நிமிடமாம்.

கடைசியில் கத்தினேன். அம்மா என்று வரவில்லை. “அத்தை, அத்தை” என்றுதான் வந்தது. அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. எல்லோர் எதிரிலும் என்னைத் தூக்கிச் சுற்றினார். “இதை எழுதிக் குடுத்தாக்கூட வராதுய்யா!” நீங்கள் சிரிக்கும் இடத்தை நான் கூப்பிடுவதற்கு அடுத்து ஒட்டப்போகிறார்கள். அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறன்று காலை ஒன்பது மணிக்கு வரும். உங்கள் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

“அத்தை மாதிரியே நடிச்சிருக்கே!” என்று தொகுப்பாளர் அக்கா கன்னத்தைக் கிள்ளினார். அப்பாவின் கை என் தோளில் இருந்தது. நன்றி என்றேன்.

இப்போது குளியலறைக் கதவைச் சாத்த முடியவில்லை. திறந்து வைத்துத்தான் எழுதுகிறேன். அப்பா எழுந்தால் பார்க்கட்டும்.

கண்ணாடியின் வீட்டுக்கு இனி எழுத வேண்டாம். வந்தாலும் வாங்காதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உங்களை ஏன் கூப்பிட்டேன் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீங்கள் இல்லை என்று கூப்பிடும்போதே எனக்குத் தெரியும்.

உங்கள் அண்ணன் மகள்