நிசார் வாங்கிய செம்புக்குழாய்

யூலை 8, செவ்வாய்

கச்சான் காத்து இண்டைக்கும் விடல. இப்ப சமைக்காத பழைய குசினிக்குள்ள லேத்துக்கு மேல உப்பும் தூசியும். நேத்து எண்ணெய் பூசாம மூடினன், அதுக்குள்ள மெல்லிசாத் துரு. கடற்கரை ஊரில மெசின் வச்சிருக்கிற ஆள் சோம்பல் படக்கூடாது.

ஸ்கூல்: 10 ஏ, திரிகோண கணிதம். பாதிப் பேர் நித்திரை. வரக்குள்ள மரக்கறி வாங்க மறந்திட்டன். பருப்பும் முட்டையும்தான்.

பின்னேரம் என்ட சின்ன நீராவி எஞ்சினுக்குச் சிலிண்டர் கடைஞ்சன். பித்தளை. டூல் முனை நடுவுக்கு மயிரளவு கீழ நிண்டது, முகப்பில சின்னக் குமிழ் மிஞ்சிச்சு. அடியில தகரத்துண்டு வச்சு உயர்த்தினன், குமிழ் போச்சு. டூலை வெளிய நீட்டிப் பிடிச்சா அதிரும். ஏலுமான மட்டும் குறுக்கிப் பிடி.

பொயிலருக்குப் பித்தளை வேணாம். கொதிதண்ணி அதில உள்ள துத்தநாகத்தத் தின்னும், மிச்சம் பஞ்சு மாதிரி. செம்பு, இல்லாட்டி வெண்கலம்.

நிசார் கந்தோர் வேலை முடிஞ்சு வரக்குள்ள செம்புக்குழாயும் கேஸ் டின்னும் கொண்டு வந்தாரு. கல்யாணம் முடிச்ச நாளில இருந்து நகை கேட்டா யோசிக்கிற மனுசன், செம்பு கேட்டா சைக்கிள எடுக்கிறாரு.

"இதென்ன இவ்வளவு பாரம்?"

"தடிச்ச குழாய். அமுக்கம் தாங்க வேணும்."

"சரி சரி. தேத்தண்ணி இரிக்கா?"

யூலை 9, புதன்

செம்புத்தகட்டச் சிவக்கச் சூடாக்கித் தண்ணியில போட்டன். இரும்பு எண்டா இறுகும், செம்பு இளகும். மறுகா மர அச்சில வச்சு ஓரத்த மடிச்சு அடிக்கிறது. கொஞ்சம் அடிச்சதும் திரும்ப இறுகும், திரும்பச் சூடாக்கு. அவசரப்பட்டா வெடிக்கும். ஒரு தகடு வெடிச்சது. என்ட அவசரம்தான்.

நிசார் குறட்டால பிடிச்சாரு, முகத்த மற்றப் பக்கம் திருப்பிக்கிட்டு.

"இது ஓடினா என்ன செய்யும்?"

"சில்லு சுத்தும்."

"சுத்தி?"

"சுத்தும். அவ்வளவுதான்."

தலைய ஆட்டினாரு. விளங்கின மாதிரி இல்ல. ஆனா பிடிச்ச பிடிய விடல.

யூலை 11, வெள்ளி

ஒட்டு முடிஞ்சது! நிசார் ஜும்ஆவுக்குப் போன நேரம், வீடு அமைதி.

சாதாரண ஈய ஒட்டுப் பொயிலருக்குச் சரிவராது, சூட்டில இளகிடும். தட்டார் பாவிக்கிற வெள்ளி ஒட்டுக்கம்பி, வெங்காரத்தக் குழைச்சு ரெண்டு பக்கமும். சுவாலைய கம்பிக்குக் காட்டாம செம்புக்குக் காட்டினன். செம்பு சூடான உடனே ஒட்டு தானா இழுபட்டு ஓடிச்சு, மினுங்கிக்கிட்டு. எவ்வளவு சந்தோசம். ஆருக்குச் சொல்ல?

இப்ப பொயிலர் கறுப்புப் போகப் புளித்தண்ணியில ஊறுது. காலையில சோதனை. அல்லாஹ் லேசாக்கி வைக்கணும்.

யூலை 12, சனி

நடந்தத நடந்த மாதிரி எழுதி வைக்கணும்.

சோதனைக்குப் பம்ப் பூட்டிக்கிட்டு இருந்தன். வாசல் கேற்றடியில வேன் வந்து நிண்டது. ரெண்டு பேர், யூனிபோம் இல்ல. எந்தக் காரியாலயம் எண்டு அடையாள அட்டையைக் காட்டினாங்க. அந்தப் பேர இதிலயும் எழுத மாட்டன். மூத்தவர் சிங்களம். இளையவர் தமிழ், அவர்தான் மாத்திச் சொன்னாரு.

"நிசார் எண்டுறது?"

"ஓம், நாந்தான்."

"செம்புக்குழாய், கேஸ், வெங்காரம் வாங்கினீங்களா?"

"ஓம்."

"என்னத்துக்கு?"

நிசார் என்னைப் பாத்தாரு. "ஒரு எஞ்சின் செய்ய."

"காட்டுங்க."

பழைய குசினிக்குக் கூட்டி வந்தாரு. மேசையில பொயிலர். ரெண்டு பக்கமும் அடைச்ச செம்புக்குழாய், மேல திருகாணி ஓட்டை. அத ஒருக்கா அவங்கட கண்ணால பாத்தன். குண்டு மாதிரியே இருக்கு. ஏன் இது எனக்கு முதலே விளங்கல?

"இது என்ன?" நிசாரிட்டத்தான் கேக்கிறாங்க.

"தண்ணி சூடாக்கிற."

"இது?"

"பிஸ்டன்." அது பம்ப்.

"இது?"

நிசார் நெத்தியத் துடைச்சாரு. சேட்டு முதுகோட ஒட்டியிருக்கு.

"நீங்க செய்யிற சாமான். உங்களுக்கே பேர் தெரியாதா?"

"இது நான் செய்யிறது," எண்டன். "அவர் சாமான் வாங்கித் தாறவர் மட்டும்."

இளையவர் என்னைத் தலையில இருந்து கால் மட்டும் பாத்தாரு. மாத்திச் சொன்னாரு. மூத்தவர் சிரிச்சிட்டு ஏதோ சொன்னாரு. அந்தளவு சிங்களம் எனக்கும் விளங்கும்: புருசனக் காப்பாத்த மனிசி கதைக்கிறா.

"செஞ்சு காட்டவா?"

ஆரும் வேணாம் எண்டு சொல்லல.

காப்பு, மோதிரம் கழட்டினன். சட்டைக் கையை முழங்கை வரை இறுக்கி றபர் வளையம் போட்டன். ஹிஜாபுட நுனிய மேல்சட்டைக்குள்ள செருகினன். லேத்தில துண்டப் பிடிக்கிற சக்கில பித்தளைத்துண்டு பூட்டினன். சக்க இறுக்கின சாவியக் கழட்டி மேசையில வைக்கிறத மூத்தவர் கவனிச்சுக் கேட்டாரு, அது என்னத்துக்கு எண்டு.

"இத சக்கில விட்டுட்டு சுவிச்சப் போட்டா பறந்து வந்து முகத்தில அடிக்கும்."

இளையவர் சொல்லி முடிக்க முதல் மூத்தவர் ஒரு அடி பின்னுக்குப் போனாரு.

முதல் வெட்டு ஆழமாப் போட்டுட்டன். கீச்செண்டு கத்திச்சு. நிப்பாட்டி, பிஸ்மி சொல்லி, திரும்ப. ரெண்டாவது வெட்டு சரி. பித்தளைத் தூள் மழை மாதிரி. அளவ முதலே சொல்லிட்டுத்தான் கடைஞ்சன். இளையவர் அளவு பாக்கிற வேணியர வாங்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சு வாசிச்சாரு. வாசிக்கத் தெரியும் அவருக்கு.

"சரிதான்," எண்டு தமிழில சொல்லிட்டு, மறுகாத்தான் சிங்களத்தில சொன்னாரு.

மூத்தவர் பொயிலரக் காட்டினாரு. "இது வெடிக்குமா?"

"காத்தடிச்சுச் சோதிச்சா வெடிக்கலாம். அதாலதான் தண்ணி நிரப்பிறது. தண்ணியெண்டா பிழைச்சாலும் ஒழுகும், அவ்வளவுதான். பாக்கிறீங்களா?"

மூத்தவர் கதவுக்கு வெளிய நிண்டு பாத்தாரு. நிசார் எனக்குப் பக்கத்தில வந்து நிண்டாரு. பம்ப அமுக்கினன். அமுக்கமானி முள்ளு மெல்ல ஏறிச்சு. எஞ்சின் ஓடுற அமுக்கத்தப் போல ரெண்டு மடங்கு. பிடிச்சு நிண்டது. மறுகா பின்பக்க மூலையில ஒரு துளி. முள்ளு இறங்கிச்சு.

"சீ!" எண்டுட்டன். அந்த நேரம் அவங்க ஆரெண்டே மறந்து போச்சு.

"என்ன?" எண்டாரு இளையவர்.

"ஒழுகுது. என்ட ஒட்டுப் பிழை."

பொயிலரக் கொண்டு போயிட்டாங்க. பரிசோதனைக்காம். திங்கட்கிழமை நாங்க ரெண்டு பேரும் காரியாலயத்துக்கு வரணுமாம்.

நிசார் சோறு தின்னல.

யூலை 13, ஞாயிறு

நிசார் சாமான் வாங்கின முபாறக் காக்காட ஹாட்வெயார் கடைக்குத் தனியப் போனன். என்னைக் கண்டதும் அவர்ட முகம் விழுந்து போச்சு. அவர்தான் சொல்லிக் குடுத்தது எண்டு அதிலேயே எனக்கு விளங்கிச்சு.

"கோவிக்காத புள்ள. ஆரும் புதினமா சாமான் வாங்கினா தங்களுக்குத் தகவல் செல்லச் செல்லி, கடை கடையா வந்து போனவங்க. செல்லாம விட்டு ஏதும் நடந்தா எனக்கிட்டத்தான் வருவாங்க. சேர்ச்சுகளில குண்டு வெடிச்ச அந்த வருசம் எங்கட ஆக்கள் பட்ட பாடு தெரியும்தானே."

"எனக்குத்தான் வாங்கினதெண்டு தெரியாதா?"

"நிசார் தனக்கெண்டுதானே செல்லின. தான் இஞ்சினியர் வேலை பழகிறதாம்."

திட்டத்தான் போனன். அவரும் பயந்துதான் இருக்காரு. ஒண்டும் வாங்காம வந்திட்டன்.

வீட்டில நிசாரக் கேட்டன்.

"ஏன் உங்களுக்கெண்டு செல்லின?"

"பொஞ்சாதிக்கெண்டா சிரிப்பாங்க."

"அதுமட்டுமா?"

"முபாறக் காக்கா மற்ற ஆக்களிட்ட செல்லுவாரு, நிசாருக்குக் கையில தொழில் இரிக்கி எண்டு. கேக்க நல்லா இரிந்திச்சி."

கோவம் வந்திச்சு. இரக்கமும் வந்திச்சு. ரெண்டையும் வச்சுக்கிட்டு மீன் கழுவினன்.

யூலை 14, திங்கள்

ஸ்கூலுக்கு லீவு. அதிபருக்கு "சுகமில்ல" எண்டு மெசேஜ்.

அவங்கட காரியாலயத்தில வாங்கில குந்திக் காத்திருந்தம். மின்விசிறி ஒரு பக்கத்துக்கு மட்டும் காத்து. நிசார ஒரு அறைக்கும் என்னை ஒரு அறைக்கும் கூப்பிட்டாங்க. தனித்தனியா.

என்னைக் கேட்டது: எங்க படிச்ச? ஆரு பழக்கின? லேத் எங்கால? சொன்னன். படகு மோட்டர் திருத்திற கடை ஒண்டு மூடக்குள்ள வாங்கினது. புத்தகமும் வீடியோவும் பாத்துப் பழகினது, பிழைச்சுப் பிழைச்சு.

"செஞ்சு விக்கிறயா?"

"இல்ல."

"பாடசாலைக்கா?"

"இல்ல."

"அப்ப ஏன்?"

மேசையில வச்சுச் சில்லு சுத்திறதப் பாக்க ஆசை எண்டு எந்த அதிகாரிக்குச் சொல்லிறது? சொன்னன். எழுதினாரு. எழுதினத ரெண்டு தரம் வாசிச்சுப் பாத்தாரு.

நிசார் எனக்குப் பிந்தித்தான் வெளிய வந்தாரு. முகம் சாம்பல். திறீவீலில வந்தம். பாண்டிருப்புத் தாண்டினாப் போல சொன்னாரு:

"எல்லாம் அவதான், எனக்கு ஒரு மண்ணும் தெரியாது எண்டு செல்லிட்டன். பயத்தில உன்னைக் காட்டிக் குடுத்த மாதிரி இரிக்கி."

"உண்மையத்தானே செல்லின."

"உண்மைதான். ஆனா பயத்தில செல்லின."

யூலை 17, வியாழன்

ஒரு தகவலும் இல்ல. லேத்தத் தொடல. எண்ணெய் மட்டும் பூசி, நிசார் உடுத்துப் பழசான சாரத்தால மூடினன்.

கேற்றடியில மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டா ரெண்டு பேரும் எழும்பிறம். இண்டைக்கு மீன்காரன், மறுகா மின்சார பில்.

ஸ்டாப் றூமில நான் போனதும் கதை நிண்டது. எனக்கு அப்படிப் பட்டிச்சோ தெரியா.

நிசார்: "சம்மாந்துறையில ஒரு ஆள் லேத் தேடுறாராம்."

நான் 10 ஏ கொப்பிகள எடுத்துத் திருத்தத் தொடங்கினன்.

யூலை 19, சனி

இளையவர் தனிய வந்தாரு, சைக்கிளில, ஒரு பையோட. பொயிலரத் தந்தாரு.

நெடுக அறுத்திருக்கு. ரெண்டு பாதி.

"உள்ளுக்குப் பாக்காமத் தர ஏலாது டீச்சர். மன்னிச்சிக்கங்க. சேர் செல்லச் சென்னாரு, பிரச்சினை ஒண்டுமில்லயாம்."

"அப்ப பைல் மூடியாச்சா?"

கேற்றைப் பாத்தாரு. "அது அப்படியே இரிக்கும். நீங்க யோசிக்காதீங்க."

தேத்தண்ணி வேணாம் எண்டுட்டுப் போயிட்டாரு.

குந்தியிருந்து அழுதன், கொஞ்சம். மறுகா வெளிச்சத்துக்கு எடுத்துப் பாத்தன். முன்பக்க மூட்டில ஒட்டு முழுசா ஊடுருவி உள்ளுக்கு வந்திருக்கு, வெள்ளிக்கோடு மாதிரி, ஒரு இடமும் விடல. பின்மூலையில எள்ளளவு வெற்றிடம், வெங்காரம் கருகின கறுப்பு. ஒழுகினது அதுதான். அந்தப் பக்கம் சூடு கூடிப் போச்சு. அடுத்த முறை ரெண்டு பக்கத்தாலயும் மாறி மாறிக் காட்டணும், வெங்காரம் தாராளமாப் போடணும்.

அடுத்த முறை எண்டு எழுதியிருக்கன். கை தானா எழுதினது.

யூலை 20, ஞாயிறு

காத்து குறைவு. லேத் மூடின சாரத்த நிசார்தான் எடுத்தாரு. ஸ்டூல இழுத்துப் போட்டு இருந்தாரு.

"ஒவ்வொண்டா பேர் செல்லு."

"என்னத்துக்கு? சம்மாந்துறை ஆளுக்கு விக்கயா?"

"வித்தாலும் வருவாங்க, எங்க வித்த எண்டு கேக்க. செல்லு. இது?"

"சக்."

"இது?"

"டெயில்ஸ்டொக்."

"இது டூல் போஸ்ட்," எண்டு அவரே முந்திக்கிட்டாரு.

"இல்ல, அது குறுக்குச் சறுக்கி. டூல் போஸ்ட் அதுக்கு மேல."

சிரிச்சிட்டன். அவர் சிரிக்கல. "சிரிக்காத பரீதா. திரும்பக் கேட்டா நான் செல்ல வேணும். என்னத்துக்குப் பாவிக்கிற எண்டும் செல்லு."

ஒவ்வொண்டாச் சொன்னன். வாய்க்குள்ள திரும்பத் திரும்பச் சொல்லிப் பாத்தாரு, ஓதிப் பாடமாக்கிற மாதிரி.

கேற்றடியில ஒரு வேன் வந்து நிண்டது. எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கு. நிசார்ட விரல் சக்கில வச்சபடி. ஆரோ பக்கத்து வீட்டில பாதை கேக்கிற சத்தம். கதவு அடிபட்டிச்சு. வேன் கடற்கரைப் பக்கம் போயிட்டுது.

நிசார் சக்கில இருந்து விரல எடுத்து அடுத்த சாமானில வச்சாரு.

"மறுகா?" எண்டாரு. "இது என்ன?"