இன்சூரன்ஸ் பாரத்தில் எழுதாத பொய்

பாறசாலையில் வாடகைக் கார் ஓட்டும் சுவாமிதாஸ், குடித்துவிட்டு ஓட்டி ஒரு கிழவரின் காலை ஒடித்ததற்காக ஜெயிலுக்குப் போய் வந்திருந்தான். ஊரில் மட்டும் தமிழ் எல்லைக் கிளர்ச்சிக்காகப் போனதாகச் சொல்லிக்கொண்டான். இன்சூரன்ஸ் கம்பெனி அவனைக் கைகழுவிவிட்டது; அது இல்லாமல் காரை ரோட்டில் இறக்க முடியாது. வேறொரு கம்பெனியைப் பார்க்கத் திருவனந்தபுரம் பஸ்ஸுக்குக் கிளம்பிய மனைவி ஆனந்தபாய், உறங்கிக் கிடந்தவன் தலைமாட்டில் சீட்டு எழுதி வைத்தாள்.

“மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் அடுக்களையில உண்டு. தண்டனை எதுக்குண்ணு பாரத்துல கேட்டிருக்கு. நீங்க சொன்னதுபோல கிளர்ச்சிண்ணு எழுதல்ல. குடிச்சதுக்காக்கும்ணு எழுதிட்டேன். கிளர்ச்சியில போலீசு வெடிபட்டுச் செத்தவங்க பேரால உங்க குடிய மறைக்க எனக்கு மனசில்ல. நீங்க ஓட்டாம இருந்தாத்தான் இன்சூரன்ஸ் தருவாங்களாம். இனி டிரைவர் சதாசிவன் கூலிக்கு ஓட்டட்டும். வண்டியப் பார்க்கப் பத்து மணிக்கு வருவான். சண்டை போடாம சாவியக் கொடுங்க.”

வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்.

“அப்பா தமிழுக்காக ஜெயிலுக்குப் போனாருண்ணு நம்ம மக ஓமனா பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் முன்னால பேசியிருக்கா. கைதட்டினாங்களாம். சாயங்காலம் அவ வந்தா உண்மைய நீங்களே சொல்லணும். நான் சொல்லமாட்டேன்.”