நாற்காலிக்கு நீலம்

என் அருமை வீட்டுக்காரருக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்சி விழுந்த அன்று, இந்த உடம்பை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் ஆடினேன். தெருவே சிரித்தது. மறுநாளே உங்களைச் சிறையிலிருந்து விட்டுவிடுவார்கள் என்று உங்கள் சட்டையைக்கூடத் தேய்த்து வைத்தேன்.

சட்டை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது.

நான் கூட்டிப் பெருக்கும் அலுவலகத்தில் கொடி மாறிவிட்டது, சுவரில் படம் மாறிவிட்டது, வாசல் பலகையும் மாறிவிட்டது. உங்களைப் பிடித்துப்போகக் கையெழுத்துப் போட்டாரே, அந்த அதிகாரி மட்டும் அப்படியே இருக்கிறார். சட்டையில் புது பேட்ஜ், அவ்வளவுதான்.

உங்களை விடச் சொல்லி நான் கொடுத்த மனுவை இன்று திருப்பி நீட்டினார்.

"இதுல பழைய முத்திரை இருக்கும்மா, செல்லாது. நாடே புதுசாயிடுச்சு. நீயும் புதுசா எழுதிட்டு வா."

"அவரை உள்ள போட்ட காகிதத்துலயும் அதே பழைய முத்திரைதானேய்யா? அது மட்டும் செல்லுமா?"

"போய் வேலையைப் பாரும்மா."

வேலையைப் பார்த்தேன். அவருடைய மர நாற்காலிக்குப் புதுக் கொடியின் நீலத்தை அடிக்கச் சொல்லியிருந்தார்; அடித்தேன். புது மனுவை யோசித்துக்கொண்டே அடித்ததில், ஈரம் என்று எழுதி வைக்க மறந்துவிட்டேன்.

அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, புது நாட்டைப் பற்றிப் பேச அவர் இப்போது மேடைக்குப் போயிருக்கிறார். நாற்காலியில் நீலம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நாளைக்கு இன்னொரு தடவை அடிக்க வேண்டும்.

சட்டையோடு காத்திருக்கும்,
உங்கள் பெண்டாட்டி