புழுவின் தோலில் வெள்ளை முட்டை

குன்மா, மலைக்கு மேல்புறம்
3 செப்டம்பர் 1957

மினெகோ கண்ணுக்கு,

உன் பட்டுப்புழு பதினெட்டுத் தட்டும் செத்துப்போன பிறகு, எந்த முகத்தோடு நலம் விசாரிப்பது என்று இத்தனை நாள் எழுதவில்லை. நான் அனுப்பிய மல்பெரி இலையில்தான் புழுவைக் கொல்லும் ஊஜி ஈ முட்டை வைத்தது என்று நீ சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும். நம் இரண்டு ஊரிலும் புத்தகம் பார்த்து ஈ இனம் சொல்லத் தெரிந்தவள் நீ ஒருத்திதானே.

பட்டு வளர்ப்போர் சங்கத்தில் இனி என் இலையை வாங்க மாட்டார்களாம். "ஏம்மா ஃபுசாயோ, இலையோட ஈயும் இலவசமாமே?" என்று தலைவர் மொசுகே எல்லார் முன்னாலும் கேட்டார். சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வரும் வாரம் தோட்டத்தை வேரோடு பிடுங்கிவிட்டுக் கொன்னியாக்குக் கிழங்கு போடப்போகிறோம். என் மேல் வருத்தம் வைத்துக்கொள்ளாதே.

உன் அக்கா,
ஃபுசாயோ

~

மலைக்குக் கீழ்ப்புறம்
6 செப்டம்பர்

அன்புள்ள ஃபுசாயோ அக்கா,

செடிகளைப் பிடுங்க வேண்டாம். மேலே படிப்பதற்கு முன் இதை மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.

புழுக்கள் சாகத் தொடங்கிய அன்று, "எங்கேர்ந்துடி வந்துச்சு இது?" என்று அம்மா கேட்டாள். எதையும் பார்க்காமலே "அக்கா தோட்டத்து இலையில வந்திருக்கும்" என்றேன்.

மறுநாள்தான் ஜன்னலோரம் செத்துக்கிடந்த ஈயைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இலையில் முட்டையிடும் ஈ நல்ல பருமன். இது அதைவிடச் சிறியது, சாம்பல் முதுகில் கறுப்புக் கோடுகள். சந்தேகம் தீரப் புழுக்களைப் புரட்டினேன். தோல் மடிப்பில் குண்டூசித் தலைபோல வெள்ளை முட்டை ஒட்டியிருந்தது, பக்கத்தில் கறுப்புத் தழும்பு. இலையில் இடும் முட்டை கண்ணுக்கே தெரியாது. இலையோடு புழு தின்றுவிடும். இதுவோ அறைக்குள் பறந்துவந்து, புழுவின் மேலேயே முட்டையிட்ட ஈ.

அதை உள்ளே விட்டது நான். வெக்கை தாங்காமல் ஜன்னல் வலையைச் சுருட்டிக் கட்டிவிட்டு ஒரு மதியம் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தேன்.

இது தெரிந்து இருபது நாளாகிறது. மொசுகே உங்களைக் கேட்டபோது நான் மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன். பாயின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இது உங்களோடு இருக்கட்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

தங்கள்,
மினெகோ

~

9 செப்டம்பர்

மினெகோ,

கடிதம் வரும்போது மூன்று வரிசை பிடுங்கியாகிவிட்டது. மீதியை உன் மாமா நிறுத்தினார். மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டார்.

உண்மையைச் சொன்னதற்குச் சந்தோஷம் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. இந்த இருபது நாளும் முட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாது என்று இப்போதுதான் சொல்கிறாய்.

உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடுகிறது. அங்கே எழுந்து நின்று நீயே அதை வாசி. நான் வருவேன். எனக்கு உன் பக்கத்தில் இடம் பிடித்துவைக்க வேண்டாம்.

ஃபுசாயோ