மாமாவின் ரத்தம் சேரவில்லை

மார்ச் 4

அக்காவுக்கு வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை. கர்ப்பப்பைக் கட்டி. மாதக்கணக்கில் ரத்தம் போய் ஆள் வெளுத்துவிட்டாள். ரத்தம் ஏற்றாமல் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். தானே கொடுக்கப் போவதில் மாமாவுக்குப் பெருமைதான். கொடுக்க முன்வந்த, தன்னோடு வேலை பார்க்கும் பஸ் டிப்போ ஆட்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்பு. என் பொண்டாட்டிக்கு நான் இருக்கேன், நீங்க எதுக்குடா?"

மார்ச் 5

சேரவில்லை.

ரத்த வங்கிப் பெண் இருவர் ரத்தமும் கலந்த குழாயை வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டினார். சிவப்பு கலைந்து பரவ வேண்டும். அடியில் கட்டியாகவே நின்றது. குரூப் ஒன்றானாலும் அணுக்களின் மேல் வேறு சிறு அடையாளங்கள் உண்டாம். அதில் ஒன்று மாமாவிடம் இருக்கிறது, அக்காவிடம் இல்லை. பிரசவத்தில், அப்பாவின் அடையாளத்தோடு பிறந்த குழந்தையின் ரத்தம் துளி கலந்தபோது, அவள் உடல் அதை அந்நியம் என்று கண்டு எதிர்ப்பொருள் செய்திருக்கிறது. அந்த எதிர்ப்பொருளின் நுனியில் ஒரு பள்ளம். அந்த அடையாளத்தின் வடிவம்தான் அதில் பொருந்தும். பொருந்தினால் பிடித்துக்கொள்ளும். மற்றதை விட்டுவிடும்.

ஏற்றியிருந்தால்? உயிருக்கே ஆபத்தாம்.

"சின்னவனுக்கே பதினெட்டு ஆச்சும்மா. இன்னுமா ஞாபகம்?" என்றார் மாமா.

"உடம்பு லேசுல மறக்காது சார்."

அக்கா மட்டும் சிரித்தாள். "இந்த மனுஷன் எனக்கு ஒத்துக்கலன்னு நான் சொன்னா யாரு நம்பினீங்க?"

மாமா வராந்தாவுக்குப் போய்விட்டார்.

மார்ச் 6

அறுவை தள்ளிப்போனது. எழுந்து உட்கார்ந்தாலே அக்காவுக்குக் கண் இருட்டுகிறது. வங்கியில் இருந்த பைகளும் சேரவில்லை. எத்தனை நாள் தாங்குவாள்?

மார்ச் 7

மாமாவோடு டிப்போவுக்குப் போனேன். தான் திருப்பி அனுப்பியவர்களிடமே போய் நின்றார். "என் ரத்தத்தை அவ ரத்தம் மதிக்கலடா. நீங்க வாங்க." ஒருவரும் சிரிக்கவில்லை. ஆறு பேர் வண்டி ஏறினார்கள். தான் ஓட்டும் பஸ்ஸின் பிரேக் விஷயமாக மாமா ஓயாமல் சண்டை போடும் மெக்கானிக்கும் அவர்களில் ஒருவர்.

மார்ச் 8

நான்கு குழாய்களில் கட்டி. இரண்டில் சிவப்பு அழகாகக் கலைந்தது. ஒன்று பெண் கண்டக்டருடையது. மற்றது மெக்கானிக்குடையது! அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே மாமாவிடம் சொன்னார்: "தங்கச்சிக்காகத்தான் குடுக்கறேன். உன் பிரேக்கு அப்படியேதான் இருக்கும்."

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். விடவே இல்லை.

மார்ச் 10

ரத்தம் ஏறியது. காய்ச்சல் இல்லை, நடுக்கம் இல்லை. நாளை அறுவை.

மார்ச் 14

வார்டு வாசலிலேயே அக்காவின் குரல் கேட்டது. மாமா போர்வை மடித்த லட்சணத்தைத் திட்டிக்கொண்டிருந்தாள், பக்கத்துக் கட்டில்காரியைச் சாட்சிக்கு அழைத்து. மாமா பிரித்து மறுபடி மடித்தார். முன்னைவிட மோசம். வேண்டுமென்றேதான் செய்கிறார் என்று நினைக்கிறேன்.