குகைப் பொண்ணு

மார்ச் 3, செவ்வாய்

குகை ஓவியங்கள் பற்றிய ஆவணப்படத்துக்கு இன்று குரல் கொடுத்து முடித்தேன். தொண்டை கட்டிவிட்டது. குகைக் கூரையில் ஒரு சின்னஞ்சிறு கை வரும் இடத்தில்தான் பாடாய்ப்பட்டோம். பாறையில் கையை வைத்து, சுற்றிலும் செஞ்சாயத்தை ஊதி எடுத்த அச்சு. "இது ஒரு குழந்தையின் கை. எட்டாத உயரத்தில் இருக்கிறது. யாரோ தூக்கிப் பிடித்திருக்க வேண்டும்." இதற்கு எத்தனை ரீடேக்! பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள் என்றார் ஒலிப்பதிவாளர். சொன்னேன். மறுபடி என்றார். மறுபடி சொன்னேன். கொஞ்சம்கூட எரிச்சல் வரவில்லை. உங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி மேடம் என்றார். பெருமையாக இருந்தது.

மார்ச் 5

மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா என்று அம்மா இரண்டாம் முறை கேட்டாள். "எத்தனை தடவ சொல்றது?" என்று கத்தினேன். யோசித்துப் பார்த்தால், ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 21, சனி

படம் இன்று டிவியில் வந்தது. என் குரல் என்று சொல்லாமலே அம்மாவை உட்கார வைத்தேன். தானாகக் கண்டுபிடிக்கட்டும், அசந்துபோவாள் — அப்படி ஓர் ஆசை.

எருதுகள் வந்தன, குதிரைகள் வந்தன. அம்மா கண் கொட்டாமல் பார்த்தாள். அந்தச் சின்னக் கை வந்ததும், "யாரு தூக்கிப் புடிச்சாங்களாம்?" என்று என்னைக் கேட்டாள். அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், பேசாமல் பார் என்று வள்ளென்று விழுந்தேன். டிவியில் நான் கனிவாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், சோபாவில் உட்கார்ந்து அதே நான் எரிந்து விழுகிறேன்.

அம்மா முகம் வாடக்கூட இல்லை. பழகிவிட்டது போல. கொஞ்ச நேரம் கழித்து, திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "இந்தப் பொண்ணு என்ன பொறுமையா சொல்லுது பாரு. இவளப் பெத்தவ குடுத்து வெச்சவ."

குத்திக் காட்டுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். இல்லை. மனசாரத்தான் சொன்னாள்.

கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றிவிட்டேன்.

மார்ச் 22

அம்மாவுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. படியேறும் செருப்புச் சத்தத்தை வைத்தே மாடிவீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடுவாள். என் குரல் மட்டும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அந்தக் குரலை என்றைக்காவது வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேனா? சீ, என்ன ஜென்மம் நான்.

மார்ச் 23

தம்பி போனில் ஒரே சிரிப்பு. அம்மா அவனிடம் யாரையோ 'குகைப் பொண்ணு' என்று புகழ்ந்து தள்ளினாளாம். அது நீதானே, சொல்லலையா என்கிறான். சொல்லித் தொலைக்காதடா என்று கெஞ்சினேன். ஏன் என்று கேட்டான். வெட்கக்கேடு, அதை எந்த வாயால் சொல்வது?

மார்ச் 27

இன்று மெதுவாகப் பேசிப் பார்த்தேன். "அம்மா, சாப்பிட வர்றியாம்மா?" அவ்வளவுதான். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?"

ஒண்ணும் ஆகல, சாப்பாடு ஆறுது என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகுதான் அவளுக்கு நிம்மதி.

ஏப்ரல் 2, வியாழன்

அம்மாவுக்குச் சளி. அறையில் படுத்திருந்தாள். நான் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா என்று உள்ளேயிருந்து கேட்டாள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்வதுபோல —

"சாப்பிட்ட பிறகும்மா. வெள்ளை மாத்திரை மட்டும். நானே எடுத்துத் தர்றேன்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "யாரு வந்திருக்கா? அந்தக் குகைப் பொண்ணு கொரல் மாதிரியே இருக்கே?"

துணியை அப்படியே போட்டுவிட்டு அறை வாசலில் போய் நின்றேன்.

"நான்தாம்மா. டிவியில பேசினதும் நான்தான்."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. சுவரோரமாக நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.

சொன்னேன்.