அப்பாவின் புதுக் குரல்

அன்புக் குட்டிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். தொண்டை ஆபரேஷனில் குரல் போன பிறகு அவர் உன் போனுக்கு வருவதே இல்லை, எழுத்தைத் தட்டினால் பேசும் டேப்லெட் நீ அனுப்பினாயே, அதையும் தொடவில்லை, "அப்பாவுக்கு என்மேல கோபமாம்மா" என்று கேட்டாய். கோபம் உன்மேல் இல்லை, கம்ப்யூட்டர்மேல். எங்கள் ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது பீரோ பீரோவாக ஒரு ஹாலையே அடைத்துக்கொண்டு நின்றது. அட்டையில் துளை போட்டு அதற்கு ஊட்டுவதுதான் என் வேலை. அப்பா அதே ஆபீசில் தொழிற்சங்கத்து ஆள். "எங்களுக்கு ஃபேனே ஓடல, அதுக்கு ஏசியா" என்று வாசலில் கத்திக்கொண்டிருந்தவர், உள்ளே போகப் போன என்னைப் பார்த்து "வேண்டாம் தங்கச்சி, இது நம்ம சோத்துல மண்ணைப் போடும்" என்றார். அந்தத் தங்கச்சியையே பிறகு கட்டிக்கொண்டது வேறு கதை. அவர் சொன்னதிலும் தப்பில்லை, அவர் பிரிவில் மேஜை மேஜையாகக் காலியானதை நானும் பார்த்தேன். அட்டை போய்த் திரை வந்தது, ஹாலை அடைத்தது மேஜைமேல் ஏறியது, இப்போது சட்டைப்பையில் கிடக்கிறது. ஆஸ்பத்திரி டோக்கன், கேஸ், கரண்ட் பில் எல்லாம் அதில்தான், அவர் தொடமாட்டார், நானே தட்டுகிறேன். அவர் கழுத்துக் குழாயைக் கழுவி மாட்டுவதும் நான்தான். அசதியாக இருக்கிறது குட்டி, வேறொன்றுமில்லை.

போன வாரம் மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டேன், பயப்படாதே, கணுக்கால் வீங்கி வடிந்துவிட்டது. அப்பா மேல்படியில் நின்றிருந்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இறங்கி ஓடி எதிர்வீட்டு டெய்லர் கதவை இரண்டு கையாலும் அடித்து அவரை இழுத்து வந்தார். மறுநாள் அவராகவே டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாயங்காலம் நான் காலுக்கு ஒத்தடம் கொடுக்கையில் எதிரே வந்து உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டினார். நியூஸ் வாசிக்கிற பெண் மாதிரி ஒரு குரல், "நீ விழுந்தப்ப நான் கத்தினேன். உனக்குக் கேக்கல" என்றது. "கேட்டுச்சுங்க" என்றேன். மறுபடி தட்டினார், "பொய் சொல்லாதே" என்றது, அதே நியூஸ் குரலில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் தோள் குலுங்கியது, அது சிரிப்பா வேறா என்று நான் பார்க்கவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் மனசு ஒத்து நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பாவே உன்னோடு பேசுவாராம். பெண் குரல் என்று சிரிக்காதே, அழவும் அழாதே. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தான் தட்டுவார், நேரமாகும். லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதே, சத்தமே இல்லாவிட்டாலும் இந்தப் பக்கம் அப்பா இருக்கிறார்.

உன் அம்மா